மூன்று முறை ஓடும் ஒரே ஷாட்

டிவி அனிமேயில் (ஜப்பானிய அனிமேஷன்) அடிவாங்கியவன் சரிகிற ஷாட்டை மூன்று தடவை அடுத்தடுத்துப் பார்த்திருப்பீர்கள். எடிட்டிங் பிழையில்லை, ஜப்பானிய இயக்குநர் ஒசாமு தெசாகியின் கைவண்ணம்.

1963இல் மூஷி புரொடக்ஷன் என்ற அனிமே ஸ்டுடியோவில் சேர்ந்தவர். 1970இல் 'அஷிதா நோ ஜோ' குத்துச்சண்டைத் தொடரை இயக்கியபோது வயது 26. வாரம் ஒரு எபிசோடு, கையில் காசு குறைவு. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தையே மூன்று ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு எட்டுப் படம் போதும். அதற்கும் நேரமில்லாத இடத்தில் அசைவை மொத்தமாக நிறுத்திவிடுவார். உச்சக்கட்டத்தில் காட்சி உறையும். பாத்திரத்தையும் பின்னணியையும் சேர்த்து ஒரே ஓவியமாகத் தீட்டிவிடுவார்கள். செலவும் மிச்சம், மனசிலும் தங்கும். ஆனால் சும்மா பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் இதைச் செய்தால் 'படம் நின்றுபோச்சா?' என்றுதான் தோன்றும். பின்னால் வந்த பலர் சறுக்கியது இங்கேதான்.

இவர் காட்சிகளில் வரும் வெயில், கடல் மினுக்கம் எல்லாம் பெயின்ட் அல்ல. துளையிட்ட கறுப்பு மறைப்புக்குக் கீழிருந்து விளக்கடித்து, அதே ஃபிலிமில் இரண்டாம் முறை எக்ஸ்போஸ் செய்வது (ஒளியைப் பதிப்பது). மறைப்பு இம்மி விலகினாலும் ஒளி தப்பான இடத்தில் விழும்.

'வெர்சாய் ரோஜா' அனிமே தொடரில் 19ஆம் எபிசோடிலிருந்து இவர் கை. 18ஐயும் 19ஐயும் அடுத்தடுத்துப் பாருங்கள். (இவர் இயக்கிய தொடர்களில் என் ஓட்டு 1978இன் 'புதையல் தீவு'க்கு!)