பாம்ஃபில்ட் மூர் கேரூ: ஒரு நாடோடியின் அச்சேறிய வாழ்க்கைகள்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் திருடர்கள், ஊர்சுற்றிகள், நாடு கடத்தப்பட்டவர்கள் ஆகியோரின் வாழ்க்கைக் கதைகள் அச்சகங்களுக்கு நல்ல வருமானம் தந்தன. அவற்றில் பெரும்பாலானவை விரைவிலேயே மறக்கப்பட்டன. பாம்ஃபில்ட் மூர் கேரூவின் கதையோ பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் மீண்டும் மீண்டும் அச்சேறியது. எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களுள் அதுவும் ஒன்று.

டெவன் மாவட்டத்தின் பிக்லி என்னும் சிற்றூரில் பாதிரியாரின் மகனாகப் பிறந்த கேரூ, டிவர்டனில் உள்ள பிளண்டெல் பள்ளியில் படித்தார். மாணவர்கள் மானைத் துரத்திச் சென்றதில் பயிர்கள் பாழாக, தண்டனைக்கு அஞ்சி ஓடி, ஜிப்சிக் கூட்டத்தில் சேர்ந்தார் என்று கதை தொடங்குகிறது. பின்னாளில் அவரைப் 'பிச்சைக்காரர்களின் அரசன்' என்று அழைத்தார்கள்.

1745இல் எக்ஸிடரில் வெளியான முதல் நூல், அவரை டெவன்ஷயரின் பேர்பெற்ற நாடோடி என்றும் நாய்த்திருடர் என்றும் தலைப்பிலேயே அறிமுகப்படுத்துகிறது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்குச் செல்லும் கப்பலில் அவரே சொன்ன கதை என்பது அதன் உரிமைகோரல். அந்நூலில் என்னை ஈர்ப்பவை கடல்கடந்த சாகசங்கள் அல்ல. பிச்சை எடுக்கும் காட்சிகளே. அவர் யாரிடம் சென்றார், என்ன கதை சொன்னார், எவ்வளவு பெற்றார் என்பதையெல்லாம், டெவன், டார்செட் பகுதிகளின் கனவான்களைப் பெயர் சொல்லியே அது விவரிக்கிறது. அந்தப் பெயர்களை அறிந்தவர்கள் அக்கம்பக்கத்திலேயே படிக்கக்கூடிய நிலையில் எல்லாவற்றையும் புனைந்திருக்க முடியாது என்பதால், இந்தப் பகுதிகளை நான் அதிகம் நம்புகிறேன்.

ஒரு காட்சியில், தலையில் மயிர்த்தொப்பி, இடுப்பில் தோல் கச்சை, பெட்டிக்குள் பழக்கிய எலி ஒன்று என்று எலிபிடிப்பவராக ஒரு கனவானின் வீட்டு வாசலில் நிற்கிறார். அங்கே கூடியிருப்பவர்கள் கேரூவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, தாமே அந்த ஆள் என்று வெளிப்படுத்துகிறார். வேறொரு சமயம், தாயைத் தீயில் பறிகொடுத்த பேரக்குழந்தைகளோடு வந்த கிழவியாகிறார். கப்பல் உடைந்து கரைசேர்ந்த மாலுமி, பதவியிழந்த பாதிரியார் ஆகிய வேடங்களும் உண்டு. எந்தத் துயரத்தைக் கேட்டால் அக்காலத்தவர் கைப்பையைத் திறந்தார்கள், எதை உடனே நம்பினார்கள் என்பதை இந்தப் பொய்கள் துல்லியமாகக் காட்டுகின்றன. ஒரு சமூகத்தின் இரக்கத்துக்கு இத்தனை நெருக்கமான சாட்சியம் எளிதில் கிடைப்பதில்லை.

ஊர்சுற்றித் திரிந்த குற்றத்துக்காக அவர் அமெரிக்காவின் மேரிலாந்துக்கு நாடு கடத்தப்படுகிறார். அங்கே தப்பியோடிப் பிடிபட்டதும், கழுத்தில் கனத்த இரும்பு வளையம் மாட்டப்படுகிறது. டெவன் கப்பல் தலைவர்கள் இரக்கப்பட்டாலும், அதை அகற்றினால் தாங்களே தண்டனைக்கு உள்ளாக நேரும் என்பதால், அதைக் கழற்றக்கூடிய பூர்வகுடிகளைத் தேடிச் செல்லும்படி அவருக்கு வழி சொல்கிறார்கள். இங்கிலாந்து திரும்பும்போது கடற்படைக்குக் கட்டாய ஆள்பிடிப்பவர்களிடம் சிக்காமலிருக்க, உடம்பில் ஊசியால் குத்தி, வெடிமருந்தையும் உப்பையும் தேய்த்துப் பெரியம்மை கண்டவர்போல நடிக்கிறார்.

1749இல் அச்சகர் ராபர்ட் கோட்பி வெளியிட்ட வடிவத்தில் இந்த மனிதர் வேறொருவராகிறார். நாய்த்திருடர் என்ற அடையாளம் பின்னுக்குப் போக, ஜிப்சிகளின் நல்லாட்சி, அரசரைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு, உறுதிமொழி எல்லாம் விரிவாக இடம்பெறுகின்றன. அவற்றில் கணிசமான பகுதி 1725இல் வந்த திருடர் குழூஉக்குறி அகராதியிலிருந்து எடுக்கப்பட்டது; ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா மக்களின் வாழ்வோடு அதற்குத் தொடர்பு குறைவு. இது எனக்கு வருத்தம் தருகிறது. வாழும் ஒரு சமூகத்தைப் பற்றி, அதனிடமிருந்து எதையும் கேட்டறியாமல் எழுதப்பட்டதை வாசகர்கள் பல தலைமுறைகளாக உண்மையென்று நம்பினார்கள். அடுத்தடுத்த பதிப்புகளில் கோட்பி, 'டாம் ஜோன்ஸ்' நாவலை எழுதிய ஹென்றி ஃபீல்டிங்கையும் கடுமையாகத் தாக்கினார். அந்த வாதங்கள் இன்று அலுப்பூட்டுகின்றன. பிற்கால மலிவுப் பதிப்புகள் சாகசங்களை மட்டும் வைத்துக்கொண்டது இயல்பே.

கேரூவை முதன்முறையாகப் படிப்பவர்களுக்கு 1745ஆம் ஆண்டு நூலையே பரிந்துரைப்பேன். அதன் நடை கரடுமுரடானது. ஆனால் அதைப் படித்த பிறகு 1749ஆம் ஆண்டு நூலை எடுத்தால், கோட்பி எங்கெங்கே மெருகேற்றினார், எங்கெங்கே பிறர் எழுத்தை ஒட்டவைத்தார் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.