154-உம் 155-உம்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இரவு பஸ் கொழும்பு வெள்ளவத்தையில் என்னை இறக்கிவிட்டபோது விடிய ஐந்தரை. குளித்து, மாமி தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு, கொட்டாஞ்சேனைக்கு எப்படிப் போவதென்று கேட்டேன். பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பார்க்க வேண்டுமென்பது கனநாள் ஆசை. பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் எடுப்பித்த கோயில்.

"தம்பி, பஸ்ஸில எழுதியிருக்கிற பேரைப் பாத்துக்கொண்டு நிக்காதை. நம்பரைப் பார். 155."

மாமி சொன்னது சரிதான். கொழும்பில் இலக்கம்தான் பஸ்ஸின் பெயர். 1 என்றால் கண்டி, 2 என்றால் காலி, மாத்தறைப் பக்கம், 49 திருகோணமலை, எங்கள் ஊருக்கு 87, பதுளைக்கு 99. நூறைத் தாண்டினால் பெரும்பாலும் கொழும்பும் அதைச் சுற்றியுள்ள இடங்களும். 100 பாணந்துறைக்கு, 101 மொறட்டுவைக்கு, 138 மகரகமப் பக்கம். சிங்களம் வாசிக்கத் தெரியாத என்னைப் போன்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? 155 மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை, மருதானை, பல்கலைக்கழகத்தடி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று வருவது. தமிழர் கூடி வாழும் இரண்டு பக்கத்தையும் ஒரே பஸ் கோர்க்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோசம்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்பது ஒரு தனிக் கலை. சிவப்பு பஸ் அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபையினுடையது, அது தன்பாட்டில் வரும். தனியார் பஸ் அப்படியல்ல. அன்றன்று சேரும் காசில்தான் றைவருக்கும் கொண்டக்டருக்கும் சம்பளம், அதனால் ஆள் சேரும்வரை ஹோல்ட்டில் ஊர்ந்துகொண்டு நிற்கும். பின்னால் அதே இலக்கத்தில் இன்னொன்று தெரிந்ததும் பேய் பிடித்ததுபோல் பாயும். 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ்களை அரசு கையிலெடுத்ததற்கு முன்பும் தனியார் கம்பனிகளுக்குள் இந்தப் போட்டிதான் இருந்ததாம். 1979இல் தனியாருக்கு மறுபடி வழி திறந்தார்கள், ஓட்டமும் திரும்பி வந்துவிட்டது. மாமி சின்னவயதில் லண்டனில் ஓடிக் களைத்து இங்கே வந்த இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் ஏறி இருந்த கதையை ஒவ்வொரு முறையும் சொல்லுவா. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வந்தது ஒரு தனியார் பஸ். வெயிலில் வெளிறிய பலகை. பாய்ந்து ஏறினேன். "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று கொண்டக்டர் முன்னுக்குத் தள்ளத் தள்ள, துறவிகளுக்கென்று ஒதுக்கிய முன் சீட்டுக்குப் பின்னால், மின்னி மின்னி எரியும் புத்தர் படத்தைப் பார்த்தபடி தொங்கினேன். பம்பலப்பிட்டியில் உள்ளே திரும்பியது. சரி. தும்முல்லை வந்தது. அதுவும் சரி. பிறகு கனத்தை மயானத்தின் மதில் வந்தது.

"கொட்டாஞ்சேனை?" என்றேன்.

கொண்டக்டர் சிரிக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. "மே 154, மல்லி. கிரிபத்கொட." நான்கை ஐந்தாக வாசித்திருக்கிறேன். மொழி தெரியாதென்று இலக்கத்தை நம்பினால் எனக்கு இலக்கமும் வாசிக்க வரவில்லை. பொரளையில் இறக்கிவிட்டு, மிச்சக்காசை எண்ணித் தந்து, வீதிக்கு அங்கால் கையைக் காட்டினார்: "176. ஹெட்டியாவத்த."

176-இல் ஏறி, மருதானை நெரிசலில் அரைமணிநேரம் கிடந்து, ஹெட்டியாவத்தையில் இறங்கி வழி கேட்டுக் கேட்டு நடந்து கோயிலுக்குப் போனால், மத்தியானத்துக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நின்று கற்தூண்களை எட்டிப் பார்த்ததோடு சரி. பக்கத்துத் தேநீர்க்கடையில் ஒரு வடையும் பிளேன்டீயும்.

திரும்பும்போது பஸ் வந்தும் ஏறவில்லை. முன்பலகையை ஒருமுறை, பக்கப்பலகையை ஒருமுறை வாசித்தேன். பிறகும் பக்கத்தில் நின்ற அம்மாவிடம் தமிழில் கேட்டேன், "அம்மா, இது 155 தானே?"

அவ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா, "எழுதித்தானே இருக்கு."