சுவருக்குள் ஒரு காபி மெஷினா?

அடுப்படியைப் புதுப்பிக்கிறோம். மாடுலர் கிச்சன் போடும் தம்பி, ஓவனுக்கு மேலே 60 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் இடம் விட்டு வரைந்து காட்டினார். "அக்கா, இதுல பில்ட்-இன் காபி மெஷின் வச்சுடலாம்." பத்து நாளாக எனக்கு அதே நினைப்பு.

கடைக்குப் போய்க் குடித்தும் பார்த்தேன். கொட்டையை அப்போதே அரைத்து, 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்தில் எஸ்பிரெசோ இறங்குகிறது. மணம் அருமை. ஆனால் எங்கள் வீட்டுக் காபி வேறு. பீபெரி, பிளாண்டேஷன் ஏ என்று இரண்டு வகைக் காபிக்கொட்டை சரிபாதி, அதோடு கொஞ்சம் சிக்கரி. சிக்கரித் தூளைக் கொட்டை போடும் தொட்டியில் போட முடியாது. தூளுக்கென்று தனி வாய் இருக்கிறது, சரி. ஆனால் ஒவ்வொரு டம்ளருக்கும் அளந்து அளந்து போட வேண்டும். அம்மாவுக்கு விரல் மூட்டு வலி. அந்த வேலையைக் குறைக்கத்தானே மெஷினையே யோசித்தேன்?

தண்ணீர்தான் பெரிய கவலை. எங்களுக்கு போர் தண்ணீர். கெட்டிலின் அடியில் ஒரே மாதத்தில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் படிவது குறையும். ஆனாலும் சுவருக்குள் பொருத்தியது பழுதானால் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட முடியாது, ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். போன வருடம் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு மூன்று வாரம் காத்திருந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

நேற்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்: அங்கே தட்டு அடித்து, ஒரு பிளக் பாயிண்ட் வையுங்கள். கரண்டில் டிகாஷன் இறக்கும் சின்ன மேக்கர் ஒன்று அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் உட்காரும். பக்கத்தில் டபராக்கள்.