போனில் "ராம்ப் இருக்கு" என்றார்கள்

கூட்டத்துக்கு அரங்கம் பிடிக்கும்போது நான் கேட்ட முதல் கேள்வியே, வீல்சேரில் வருபவர்கள் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதுதான். "எல்லாம் இருக்கு சார், ராம்ப் போட்டிருக்கோம்" என்றார் மேலாளர். நம்பி முன்பணம் கட்டினேன். அங்கேதான் சறுக்கினேன்.

பத்து நாள் முன்னால் நேரில் போய்ப் பார்த்தால், வாசலில் இரண்டு படி, அதன்மேல் சாய்த்துப் போட்ட ஒரு பலகை. அதுதான் ராம்ப்! டேப்பை எடுத்து அளந்தேன். படிகளின் உயரம் 30 செ.மீ., பலகையின் நீளம் 120. கிட்டத்தட்ட 1:4 சாய்வு. இருக்க வேண்டியது 1:12, அதாவது அந்த 30 செ.மீ. ஏற ராம்ப் 3.6 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். "நாலு பேர் சேர்ந்து தூக்கி விட்டுருவோம் சார்" என்று சமாதானம் வேறு. வீல்சேரில் பேச வருகிறவரையே மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போவதா? முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபிறகுதான் பேச்சு மாறியது, கைப்பிடி வைத்த நீளமான ராம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். தயவுசெய்து இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், டேப் வைத்து அளந்த போட்டோ கேளுங்கள்.

கழிப்பறை அதைவிட மோசம். கதவில் வீல்சேர் படம் பளிச்சென்று இருந்தது, சாவி யாரிடம் என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம். திறந்தால் உள்ளே முழுக்க மடக்கு நாற்காலிகளும் துடைப்பங்களும். அவற்றை வெளியேற்றியபின் பார்த்தால் கதவு உள்பக்கம் திறக்கிறது, வண்டி உள்ளே போனால் சாத்த முடியாது. தச்சரை வைத்து வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்ற வைத்தேன். மேடை, நுழைவாயில் அகலமெல்லாம் சரியாகவே இருந்தன.

சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் போதும் என்று நினைத்தது என் தப்பு. இரண்டு மணி நேர நிகழ்ச்சியென்றால் இரண்டு பேர் வேண்டும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வோம் என்று அவரே சொன்னார். சரியென்று இன்னொருவரையும் ஏற்பாடு செய்தேன். ஆனால் அன்றைக்குத் திரையில் படம் காட்ட யாரோ எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். இருட்டில் கை எப்படித் தெரியும்? முன்வரிசையில் இருந்த காதுகேளாதோர் எழுந்து கையாட்டியபிறகுதான் எனக்கே உறைத்தது. பெயர்ப்பாளர்மீது மட்டும் விழுகிற மாதிரி ஒரு விளக்கை முதலிலேயே கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

பேச வந்தவர் தானாகவே வண்டியை உருட்டிக்கொண்டு ஏறி வந்தபோது மேலாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ஒரு நிமிடம் மனசு நிறைந்தது.

மறுநாள் சாமான்களை எடுக்கப் போனேன். கழிப்பறைக்குள் நாற்காலிகள் திரும்ப ஏறிவிட்டிருந்தன.