சித்தப்பாவின் லேப்டாப்பும் கல்யாணப் பத்திரிகையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா ஏற்காட்டு பஸ்ஸில் வந்து அஸ்தம்பட்டியில் இறங்கினார். கையில் மஞ்சள் பை, அதற்குள் துண்டில் சுற்றிய லேப்டாப். "கண்ணு, இத ஆன் பண்ணிட்டுப் போய் காபி போட்டுக் குடிச்சிட்டு வந்தாலும் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்குது. கடையில மதர்போர்டு போயிருச்சுங்கறான், தூக்கிப் போட்டுறலாமா?"

2013-ல் வாங்கியது. ஐ3 பிராசசர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மதர்போர்டு போயிருந்தால் ஆன் ஆகியே இருக்காது. இடது கை வைக்கிற இடத்தில் காதை வைத்துக் கேட்டேன், உள்ளே யாரோ நகம் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எப்படியோ விண்டோஸ் வந்து நின்றதும், டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமைப் போட்டுப் பார்த்தால் மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை. சி5 என்ற வரிசையில் 100-க்கு மேல் எண்ணிக்கை இருந்தது. டிஸ்க்கால் படிக்க முடியாமல், என்ன செய்வதென்று முடிவாகாமல் நிற்கிற செக்டார்களின், அதாவது டிஸ்க்கில் தகவல் பதிகிற குட்டித் துண்டுகளின் கணக்கு அது. பூஜ்யமாக இருக்க வேண்டிய இடம்.

இந்த இடத்தில்தான் பலரும் தப்புப் பண்ணுகிறார்கள், நானும் ஒரு காலத்தில் பண்ணியிருக்கிறேன். 'டிஸ்க்கைச் சோதித்துச் சரி செய்யட்டுமா' என்று விண்டோஸே கேட்கும், சரி என்று அமுக்கிவிடுவோம். சாகக் கிடக்கிற டிஸ்க்கை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, அதன் மேலேயே எழுதவும் செய்கிற வேலை அது. முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுக்க வேண்டும், மருத்துவம் எல்லாம் அப்புறம். அதனால் உடனே ஷட்டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டேன்.

அடியில் பதினோரு ஸ்க்ரூ. எல்லாவற்றையும் கழற்றியும் ஒரு மூலை மட்டும் வரவில்லை. அழுத்தி நெம்பியிருந்தால் கொக்கி உடைந்திருக்கும். டிவிடி டிரைவை வெளியே இழுத்துப் பார்த்தால் அந்தக் குழிக்குள் கடுகு மாதிரி மூன்று ஸ்க்ரூ! பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் செருகி ஓட்டியதும் மூடி டப் டப்பென்று விட்டது. உள்ளே காபித் தொலித் தூசி, ஒரு செத்த எறும்பு.

டிஸ்க்கின் மேல் ஒரு குண்டூசி ஓட்டை இருக்கும், 'இதை மூடாதே' என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். சித்தப்பா அதைக் காட்டி, மலைக் காத்து இதுக்குள்ள போய்த்தான் கெட்டுப் போச்சு என்றார், பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னாராம். முழுப் பொய்யும் இல்லை. உள்ளே தகவல் பதிந்த தட்டு சுழலும்போது எழும்புகிற காற்றின் மேல்தான் அதைப் படிக்கிற முனையான ஹெட் மிதக்கிறது, காற்று ரொம்ப லேசானால் தட்டில் உரசிவிடும். ஆனால் இந்த மாதிரி டிஸ்க்குகளுக்குப் பொதுவாகச் சொல்கிற வரம்பு சுமார் 3,000 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர்தான். என் சந்தேகம் வேறு. பேட்டரி செத்துப் பல வருஷமாகிறது, சார்ஜரில்தான் ஓடுகிறது. மழைக் காலத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்து கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும், ஓடுகிற ஓட்டத்திலேயே டிஸ்க் நின்றிருக்கிறது.

கழற்றிய டிஸ்க்கை யுஎஸ்பி-சாட்டா ஒயரில் மாட்டி, என் லினக்ஸ் கம்ப்யூட்டரில் டிடிரெஸ்க்யூவை ஓட்டினேன், கெட்டுப் போகிற டிஸ்க்கிலிருந்து நகல் எடுக்கிற புரோகிராம் அது. ரொம்ப சாமர்த்தியசாலி. நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில்தான் திரும்பி வந்து சுரண்டும். எதுவரை வந்தோம் என்று ஒரு ஃபைலில் குறித்து வைப்பதால் நடுவில் நின்றாலும் தொடரலாம். எதிலிருந்து எதற்கு என்பதை மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் என்டர் தட்டினேன், மாற்றிக் கொடுத்தால் கதை அங்கேயே முடிந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் போய்த் தட்டுவடை செட் சாப்பிட்டு வந்தோம். சித்தப்பா ராத்திரி தங்கினார். திங்கள் காலையில் பார்த்தால் 3 எம்பி சொச்சம் தவிர எல்லாம் வந்திருந்தது. சில போட்டோக்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம், அவ்வளவுதான் சேதாரம்.

அடுத்தது எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுகிற, சிப்பில் தகவலை வைக்கிற டிஸ்க். பழையது 9.5 மில்லிமீட்டர் தடிமன், புதியது 7. இடைவெளிக்கு வைக்கிற பிளாஸ்டிக் சட்டம் டப்பாவில் இல்லை. சும்மா மாட்டினால் கனெக்டர் ஆடும். வீட்டில் இருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பட்டையாக வெட்டி, மடித்து, மூடிப் பக்கம் வைத்ததும் கச்சிதமாக உட்கார்ந்தது.

புதியதில் ஆன் ஆகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, வித்தியாசம் ஏன் இவ்வளவு என்று சித்தப்பா கேட்டார். பழைய டிஸ்க்கின் தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட். வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வர, சராசரியாக அதில் பாதி நேரம் சும்மா காத்திருக்க வேண்டும், ஹெட் நகர்கிற நேரம் தனி. ஆன் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். எஸ்எஸ்டியில் சுழல எதுவுமே இல்லை. ஆன் ஆக நாலு நிமிஷம் எடுத்தது, இருபது செகண்டாகக் குறைந்துவிட்டது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது, 11-க்கு இந்த பிராசசர் ஆகாது. அதனால் எஸ்எஸ்டியில் நான் போட்டிருந்தது லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச சிஸ்டம். கூலிக் கணக்கு ஃபைலைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. சித்தப்பாவுக்கு முகமே செத்துவிட்டது. "எல்லாம் போச்சா கண்ணு?" எனக்கும் ஒரு நொடி திக்கென்றுதான் இருந்தது. அப்புறம் புரிந்தது, அவர் இத்தனை வருஷமும் அடித்தது பாமினி ஃபான்ட்டில், யூனிகோடில் இல்லை. பாமினியில் உள்ளே பதிவது ஆங்கில எழுத்துதான், அந்த ஃபான்ட் இருந்தால் மட்டும் அது தமிழாகத் தெரியும். பழைய டிஸ்க்கின் ஃபான்ட் ஃபோல்டரிலிருந்து அதை எடுத்துப் போட்டு மறுபடி திறந்தேன், வரிசையாகத் தமிழ் வந்தது. மிளகு, உரம், கூலி, லாரி வாடகை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே கீழே உருட்டிப் பார்த்தவர் 2016-க்கு வந்ததும் நின்றார். என் பெயருக்கு நேரே 1,500 ரூபாய், கைமாத்து. வரவுக் கட்டம் காலியாக இருந்தது.

"எஸ்எஸ்டி எவ்வளவுடா ஆச்சு?" என்று சிரித்தார்.