டெவில்ஸ் லேக் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

காலை ஏழரைக்கே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் டெவில்ஸ் லேக் ஏரிக்கு வந்துவிட்டோம். கோடைச் சனிக்கிழமையில் தாமதித்தால் வண்டி நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். மகளோடு பேலன்ஸ்டு ராக் பாதையில் கிழக்குக் குன்று ஏறினேன். ஏரியிலிருந்து உச்சி சுமார் 500 அடி. செங்குத்தான சரிவில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகக் குவார்ட்சைட் (மணற்கல் உருமாறி இறுகிய கல்) பாறைகள். வயது 160 கோடி ஆண்டுகளுக்கும் மேல்.

பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான் படிகளைக் கவனித்தேன். தானாக விழுந்து கிடக்கும் கற்கள் போலவே இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூட ஆடவில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில், வேலையில்லாதவர்களுக்காக அமெரிக்க அரசு அமைத்த குடிமை இயற்கைவளப் பாதுகாப்புப் படையில் (CCC) சேர்ந்த இளைஞர்கள் இங்கே முகாமிட்டு உழைத்திருக்கிறார்கள். அந்தப் படையில் மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். "இவ்வளவு பெரிய கல்லை எப்படிப்பா தூக்கினாங்க?" என்றாள் மகள். கடப்பாரை, கயிறு, நிறையத் தோள்கள் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

இரவு கூடாரத்தில் தங்கினோம். விடியலில் கயாக். இந்த ஏரியில் பெட்ரோல் மோட்டாருக்கு அனுமதியில்லை. துடுப்புச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கிறது. பள்ளத்தாக்கின் இரு வாய்களையும் பனியாறு கொண்டுவந்து கொட்டிய மண்ணும் கல்லும் அடைத்ததால் உண்டான ஏரி இது. தண்ணீர் வெளியேற ஓடை கிடையாது.

அப்புறம் தென்கரையில் பறவை வடிவ மண்மேட்டைப் பார்த்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூர்வகுடிகள் எழுப்பியது. இப்பகுதிப் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இது புனித ஏரி. வந்தேறிகள் அதைப் பிசாசின் ஏரி ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

மறுபடியும் வந்தேன், தனியாக. கிழக்குக் கரையோரம் சரக்கு ரயில் ஒன்று போனது. 1873இல் இந்தப் பாதை வந்த பிறகுதான் சிகாகோவிலிருந்தெல்லாம் ஆட்கள் குவிந்தார்கள், கரையில் ஓட்டல்கள் நிறைந்தன. ஓட்டல்கள் இன்று இல்லை. 1911இல் மாநிலப் பூங்கா ஆனது. அதனால்தான் என்னைப் போன்றவர்களும் இந்தக் கரையில் உட்கார முடிகிறது.

பிறகு குன்றேறித் திரும்பும்போது மழை தூறியது. நனைந்த குவார்ட்சைட் சோப்புபோல வழுக்கும். ஒவ்வொரு படியாகக் கை ஊன்றி இறங்கினேன். கீழே வர ஒரு மணி நேரம் ஆனது.