தேசிக்காய் போகிற பாதை

2024 ஓகஸ்ட் 2, வெள்ளி

மகனுக்குச் சுரங்கம் பார்க்க வேண்டுமாம். பின்னேரம் யாழ்ப்பாணம் நல்லூரில் இருக்கிற பழைய மாளிகையான மந்திரிமனைக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்து யமுனா ஏரிவரை நிலத்துக்குக் கீழே வழி இருக்கிறது என்பது நல்லூரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் பேச்சு. எட்டிப் பார்த்த பள்ளத்தில் கல்லும் மண்ணும் குப்பையும்தான் கிடந்தன. பெடியன் ஒன்றும் பேசாமல் வந்தான். ‘ப’ வடிவ யமுனா ஏரியைக் காட்டியும் முகம் தெளியவில்லை.

2024 ஓகஸ்ட் 3, சனி

இன்று நவக்கிரிக்குப் போனோம், நிலாவரைக் கிணற்றடிக்கு. அம்மாவும் தங்கச்சியும் வந்தார்கள். வானரப் படையின் தாகம் தீர இராமர் அம்பு விட்ட இடம் என்று அம்மா பேரனுக்குக் கதை சொன்னார். கேட்டுக்கொண்டே அவன் பொக்கற்றிலிருந்து ஒரு தேசிக்காயை (எலுமிச்சை) எடுத்தான். இங்கே போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் சின்னதில் கேட்டதுதான்.

“உன்ர அப்பப்பாவும் போட்டவர். போட்டிட்டுச் சைக்கிளில கீரிமலைக்கு ஓடிப்போய் இருட்டும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தவராம்” என்றார் அம்மா. அப்பா இதை எனக்குச் சொன்னதே இல்லை.

போட வேண்டாம் என்று மகனைத் தடுத்தேன். எங்கள் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். மாரி மழை வெடிப்புகளால் இறங்கி, கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகையும் வாய்க்காலுமாக வழி செய்துவிடும். நல்ல தண்ணீர் மேலே நிற்கும், ஆழத்தில் உவர். தேசிக்காய் பத்துக் கிலோமீற்றர் போகுமோ இல்லையோ, தோட்டத்து உரமும் மலக்குழிக் கசிவும் அந்த வெடிப்புகளால் இறங்கத்தான் செய்கின்றன. சுன்னாகத்தில் கிணற்றுத் தண்ணீரில் கழிவெண்ணெய் மிதந்ததை மறக்க முடியுமா? ஆறு என்று சொல்ல வழுக்கியாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும். இந்தக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீரை விட்டால் நமக்கு வேறு கதியில்லை.

இவ்வளவையும் அவனுக்குச் சொன்னேன். “அப்ப சுரங்கம் எங்கட வீட்டுக்குக் கீழயும் இருக்கோ?” என்றான். ஓம் என்றேன்.

2024 ஓகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. அப்பா இல்லாமல் வரும் முதல் அமாவாசை. விடியவே கீரிமலையில் சரியான சனம். தர்ப்பை போட்டு, எள்ளும் தண்ணீரும் இறைத்து, கடலில் முழுகினேன். 1990இல் போரால் வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய பிறகு அப்பா பல வருடம் இந்தக் கரையைக் காணவில்லை. திரும்ப வந்த அன்று முதலில் கேணித் தண்ணீரை அள்ளிக் குடித்தவர்.

கடலிலிருந்து நாலெட்டு வைத்தால் கேணி. கடலுப்பு உதட்டில் இருக்க, இங்கே நல்ல தண்ணீர். இங்கே முழுகிக் கீரிமுகம் நீங்கிய நகுல முனிவரையும் குதிரைமுகம் மாறிய மாருதப்புரவீகவல்லியையும் இந்தத் தண்ணீரில் நிற்கும்போது நம்பத்தான் தோன்றுகிறது. மகன் முங்கி முங்கிச் சுவரோரம் கையால் தடவினான்.

“அப்பா, இஞ்ச வாங்கோ. இதில குளிரா வருது!”

கையை வைத்துப் பார்த்தேன். கல்லிடுக்கால் மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

மத்தியானம் படைத்து, காத்தோட்டிக்காயோடு சாப்பிட்டோம். மகனுடைய தேசிக்காயை அம்மா வெட்டி, எல்லோருக்கும் சர்க்கரை போட்டுக் கரைத்துத் தந்தார்.